கடம்பம்பதி கிராம சபையில் உயர்ந்த நாற்பத்து மூன்று கைகள்

போன மாசியில் ஒரு வியாழக்கிழமை விடுப்பு போட்டுவிட்டு வெள்ளியங்காட்டு மலைக்குப் போனேன். அருவி பார்க்க அல்ல, ஒரு கூட்டம் பார்க்க. சரவணம்பட்டியில் என் பக்கத்து வீட்டில் குடியிருக்கும் ரங்கி ஒரு செவிலியர், இருளர் பெண். அவளுடைய ஊர் கடம்பம்பதி. அந்த ஊர்க் காட்டின் வழியாக மத்திய அரசின் உயர் அழுத்த மின்பாதை ஒன்று வரவிருந்தது. வன உரிமைச் சட்டப்படி ஊரின் கிராம சபை அதற்குச் சம்மதம் தர வேண்டும். "எங்களையும் மொத தடவையாக் கேக்குறாங்க, வந்து பாருங்க" என்றாள்.

காந்திபுரத்தில் காலை 6.10க்குப் பேருந்து ஏறினோம். வெள்ளியங்காட்டில் இறங்கும்போது 7.50. அங்கிருந்து 11 கிலோமீட்டர் மலைப்பாதை. ஜீப்புக்குப் போகவர 1,500 ரூபாய். (பேரம் பேசாதீர்கள், பாதையைப் பார்த்தால் நீங்களே கூடக் கொடுப்பீர்கள்.) ஓட்டுநர் செல்வராஜ் வழி நெடுக, இவர்கள் சொல்லி என்ன ஆகப்போகிறது என்றே பேசிக்கொண்டு வந்தார்.

பத்து மணிக்குப் பள்ளிக்கூடத் தகரக் கொட்டகையில் கூட்டம். வந்த அதிகாரி தட்டச்சு செய்த தீர்மானத்தைக் கையோடு கொண்டுவந்திருந்தார். முதலில் தலைகளை எண்ணினார். ஊரில் வயது வந்தவர்கள் 84 பேர், பாதியாவது இருந்தால்தான் சபை. இருந்தது 36 பேர். மிச்சப் பேர் கீழே வாழைத்தோட்டத்தில் தார் வெட்டப் போயிருந்தார்கள்.

"கூப்பிட்டும் வரலீன்னு எழுதிப்போடுவாங்க" என்று ரங்கி என் காதில் சொன்னாள். எழுந்து, பன்னிரண்டு மணி வரை அவகாசம் கேட்டாள். அதிகாரி கடிகாரத்தைப் பார்த்துவிட்டுச் சரி என்றார். நான் திரும்பினால் செல்வராஜ் ஏற்கனவே ஜீப்பைக் கிளப்பியிருந்தார். நானும் ஏறிக்கொண்டேன்.

தோட்டம் ஆறு கிலோமீட்டர் இறக்கத்தில். லாரி காத்திருக்கிறது, இப்போது ஆளை அனுப்ப முடியாது என்றார் தோட்டக்காரர். அவர் செல்வராஜுக்குத் தூரத்துச் சொந்தம்.

"ஏனுங்க மாமா, நம்ம தோட்டத்துல கரண்டு டவர் வெச்சப்ப நம்மளக் கேக்கலீன்னு எத்தன நாளு ரோட்டுல உக்காந்தோம்? இவுங்களக் கேக்க இன்னிக்கு ஆள் வந்திருக்குதுங்க" என்றார் செல்வராஜ்.

தோட்டக்காரர் லாரிக்காரரிடம் போய், மதியத்துக்கு மேல் ஏற்றலாம் என்றார். இரண்டு ஆண்களும் ஐந்து பெண்களும் ஜீப்பில் நெருக்கியடித்து ஏறினார்கள். 11.40க்கு மேலே சேர்ந்தோம். நாற்பத்து மூன்று.

எங்களோடு வந்த காளியம்மாவின் சேலையெல்லாம் வாழைக்கறை. அவர் நேராக, அதிகாரி மேசையில் விரித்திருந்த மின்பாதை வரைபடத்தின் முன் போய், ஊர் எங்கே இருக்கிறது என்று காட்டச் சொன்னார். அதிகாரி தேடினார். அந்த இடத்தில் வெறும் பச்சை, 'காப்புக்காடு' என்ற எழுத்து, அவ்வளவுதான்.

"ஊரே இல்லாத எடத்துல யாருகிட்டங்க சம்மதம் கேக்குறீங்க?" காளியம்மா குரலை உயர்த்தவில்லை. "கரண்டு வேண்டாம்னு சொல்லலீங்க. நாங்க தேன் எடுக்கற தேன்பாறை மேல போக வேண்டாம், பழைய ரோட்டோரமாப் போகட்டும். எங்க ஊர் பேரை எழுதுங்க. காட்டு உரிமைப் பட்டாவைக் குடுங்க. அப்பறம் ஒத்துக்கறோம்."

அதிகாரி தட்டச்சுத் தாளை மடித்துப் பைக்குள் வைத்தார். வெள்ளைத் தாள் ஒன்றை எடுத்து, காளியம்மா சொன்னதைச் சொன்னபடியே எழுதினார். ரங்கி அதை உரக்க வாசித்தாள். சம்மதமா என்று கேட்டதும் கைகள் உயர்ந்தன. எண்ணிக்கை ஒன்று கூடுதலாக வந்தது. செல்வராஜும் தூக்கியிருந்தார். "ஒரு வேகத்துல தூக்கிப்போட்டேனுங்க" என்று இறக்கிக்கொண்டார். கொட்டகையே சிரித்தது.

நான்கு மாதம் கழித்து புது வரைபடம் வந்தது. அதில் மின்பாதை பழைய சாலையோரம் வளைந்து போகிறது. பச்சைக்கு நடுவே 'கடம்பம்பதி' என்று ஊர்ப்பெயர். பட்டாவும் வந்துவிட்டது, கிராம சபையின் பெயரில். ரங்கி அதைப் படம் எடுத்து அனுப்பிய அன்று அலுவலகத்தில் எனக்கு வேலை ஓடவில்லை. அதிகாரி மனது வைத்ததால் வந்தது என்று நான் நினைக்கவில்லை. சட்டம் கொடுத்த இடத்தில் நாற்பத்து மூன்று பேர் வந்து உட்கார்ந்ததால் வந்தது.

போக நினைப்பவர்களுக்கு: வெள்ளியங்காட்டிலிருந்து காந்திபுரத்துக்குக் கடைசிப் பேருந்து மாலை 5.30. மலையேறினால் கைபேசியில் சிக்னல் இருக்காது. முக்கியமாக, முன்கூட்டியே ஊரில் அனுமதி கேளுங்கள். அலுவலக நண்பர்கள் பத்துப் பேரோடு மலையேற்றம் வரலாமா என்று நான் கேட்டனுப்பினேன். சபையைக் கூட்டிப் பேசியிருக்கிறார்கள். தேன் எடுக்கும் காலம், இப்போது வேண்டாம் என்று பதில் வந்தது. அவ்வளவு சந்தோஷமாக நான் எந்தப் பயணத்தையும் ரத்து செய்ததில்லை.