கம்ப்யூட்டருக்குப் பக்கத்து நாற்காலி

புரோகிராம் எழுதுகிறவர்களுக்குக் கம்ப்யூட்டரோடு மட்டும்தான் மல்லுக்கட்டு. அதை மனிதர்கள் எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்று ஆராயப் போனால் அவர்களுடைய பயமும் வந்து நம்மேல் ஒட்டிக்கொள்ளும். தொண்ணூறுகளில் நான் ஆராய்ச்சி மாணவி. கல்லூரியில் எழுதிய புரோகிராமை வெளியாட்கள் ஓட்டுவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். வாய் மட்டும் திறக்கக் கூடாது. திறந்தால் சோதனை கெட்டுவிடும். பரீட்சை ஹாலில் தப்பான விடையை எட்டிப் பார்த்துவிட்டுச் சும்மா நின்ற ஆசிரியர்களுக்கு என் பாடு புரியும்.

நடுங்கிய விரல்

ராஜபாளையத்தில் ஒரு நூல் மில். வருகைப் பதிவு எழுதும் கிளார்க் வேலுச்சாமி அண்ணாச்சியிடம்தான் முதல் சோதனை. ஒரு பெயரை அடிக்கவே அவருக்குச் சட்டை நனைந்துவிட்டது. கம்ப்யூட்டர் வந்தால் ஆளைக் குறைப்பார்கள் என்று மில்லில் பேச்சு. குறைக்க வேண்டிய ஆளைப் பார்த்துச் சொல்ல வந்தவள் நான் என்று நினைத்திருக்கிறார். முதலாளி அந்தப் பக்கம் போனதும் குனிந்து சொன்னார்: “தாயி, வெரல் நடுங்குதுன்னு மட்டும் எழுதிறாத. ரெண்டு பிள்ளைக படிக்குதுக.”

பஸ்ஸர்

தப்பாக அடித்தால் கம்ப்யூட்டர் எழுப்பும் சின்னச் சத்தம் மில் இரைச்சலில் கேட்கவில்லை. என்னோடு ஆராய்ச்சி செய்த சங்கர் பெரிய பஸ்ஸர் ஒன்றை மாட்டினான். மறுநாள் அண்ணாச்சி ஒரு எழுத்தை மாற்றி அடித்ததும் அது மில்லின் தீ மணி மாதிரி அலறியது. அவ்வளவுதான், பக்கத்துப் பஞ்சு குடோனிலிருந்து பெண்கள் “தீ! தீ!” என்று கத்திக்கொண்டு வாசலுக்கு ஓடினார்கள். நானும் ஓடினேன். நெரிசலில் விழுந்த ஒருத்திக்கு முழங்கை மூட்டு பெயர்ந்துவிட்டது. விஷயம் தெரிந்ததும் வலியோடு அவள் கேட்டாள்: “ஒத்த எழுத்து தப்புனதுக்கா எங்கள இந்த ஓட்டம் ஓட விட்டிய?”

ரத்தம்

அடுத்த சோதனை ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில். நர்ஸ் ஸ்டெல்லா அக்காவுக்குக் கம்ப்யூட்டர் என்றால் பயமே கிடையாது, விரல் பறக்கும். அன்று வன்னியம்பட்டியிலிருந்து ஒரு பெண்ணைப் பிரசவத்துக்குக் கொண்டுவந்தார்கள். ரத்தப்போக்கு நிற்கவில்லை. உடனே ரத்தம் ஏற்ற வேண்டும். அக்கா பெயரை அடித்து என்டரைத் தட்டிக்கொண்டே போனார். லேப் சீட்டில் ‘ஓ பாசிட்டிவ்’. திரையிலோ முந்தைய நோயாளியின் ‘ஏ பாசிட்டிவ்’ அழியாமல் அப்படியே நின்றது. அக்கா கவனிக்கவில்லை. ரத்த வங்கிக்குப் போக வேண்டிய தாளைப் பிரின்டர் கரகரவென்று அடிக்கத் தொடங்கியது. பேசக் கூடாது என்ற சட்டமெல்லாம் எங்கே போனதோ, “அக்கா, குரூப் தப்பு!” என்று கத்திவிட்டேன்.

அக்கா சீட்டைப் பார்த்தார், திரையைப் பார்த்தார், தாளைப் பிடுங்கிக் கிழித்தார். சரியான ரத்தம் ஏறியது. தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள். சற்று நேரம் கழித்து வெளியே வந்த அக்கா, படியில் உட்கார்ந்திருந்த என் கையைப் பிடித்தார். பறக்கிற அந்த விரல்கள் ஜில்லிட்டிருந்தன. “கையால எழுதுனா மூணு வாட்டி பாப்பேன் புள்ள. இதுல அடிச்சு வந்தா சரியாத்தான் இருக்கும்னு திரும்பிக்கூடப் பாக்கல. அதான் இப்ப ஈரக்கொல நடுங்குது.”

கணக்கில் வராதது

மறுநாள் பேராசிரியரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். சோதனையைக் கெடுத்ததற்குத் திட்டுவார் என்று கால் மாறி மாறி நின்றேன். அவர் சொன்னார்: “அந்தச் சோதனைய கணக்குல இருந்து எடுத்துரும்மா. சங்கர வரச்சொல்லு, புது ஆள் பேர் அடிச்சா பழசு அம்புட்டும் அழிஞ்சிரணும். அதுவரைக்கும் ஆஸ்பத்திரில அந்த மிஷின யாரும் தொடக்கூடாது.”

கம்ப்யூட்டரைக் கண்டு மனிதர்கள் ஏன் பயப்படுகிறார்கள் என்று ஆராயப் போன எனக்கு, பயப்படாமல் தட்டுகிறவர்களைக் கண்டால்தான் இன்றுவரை பயமாக இருக்கிறது.