வாய்வு என்று நாங்கள் சொன்னது

எங்கள் ஊரில் கழுத்துக்குக் கீழே, தொப்புளுக்கு மேலே எது நொந்தாலும் அதற்கு ஒரே பெயர்தான்: வாய்வு. சாப்பிட்டதும் நெஞ்சு எரிந்தால் வாய்வு. முதுகில் குத்தினால் வாய்வு. கை விறைத்தால், வாய்வு கைக்கு இறங்கிவிட்டது என்பார்கள். வேர்க்கொம்புச் சுக்குத் தட்டிப் போட்ட தேத்தண்ணியைக் குடிக்கக் கொடுத்து, முதுகைத் தேய்த்துவிட்டு, ஏப்பம் வந்ததும் அவரவர் வேலைக்குப் போய்விடுவார்கள். இப்போதும் யாராவது என் முன்னால் அந்தச் சொல்லைச் சொன்னால் எனக்குக் கோபம் தலைக்கேறும். அது தெரிந்தே வீட்டுப் பிள்ளைகள் வேண்டுமென்றே சொல்லிவிட்டு ஓடுவார்கள்.

ஐம்பதுகளின் நடுப்பகுதி. எங்கள் பக்கத்தில் கல்யாணமானால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். அப்படி என் புருஷனும் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார். சாய்ந்தமருதுக் கரையில் வாப்பாவுக்குச் சொந்தமாக ஒரு கரைவலை இருந்தது. அந்த வலையைக் கரையில் நின்று இழுக்கிற ஆட்களில் கயிற்றின் முன்னால் நிற்பவர் என் புருஷன். தோளும் மாருமாக, பார்த்தவர் கண் வைக்கிற உடம்பு. வாப்பாவுக்கு மகன்மார் இருந்தும் மருமகன்தான் வலது கை.

அந்த வருஷம் வாப்பாவுக்கு நெஞ்சுக்குழியில் ஓயாத நோவு. சோறு இறங்கவில்லை, ஆளும் மெலிந்து போனார். கல்முனை டாக்குத்தர் சோதித்துவிட்டு, இது நெஞ்சா வயிறா என்று தெளிவாகத் தெரியவில்லை, மட்டக்களப்பில் ஒரு டாக்குத்தர் புது மெசின் வைத்திருக்கிறார், அங்கே கொண்டுபோய்க் காட்டுங்கள் என்றார். எங்கள் வீட்டில் ஒப்பாரிதான் குறை. வாப்பாவின் ஹயாத்து முடியப்போகிறது என்றே உம்மா முடிவு கட்டிவிட்டார். வாப்பாவோடு நானும் என் புருஷனும் பஸ் ஏறினோம்.

அந்த டாக்குத்தரின் அறையில் ஒரு கட்டில், பக்கத்தில் பெட்டி மாதிரி ஒரு மெசின், அதிலிருந்து வயர்கள். உதவிக்கு நின்றவர் வாப்பாவைப் பார்த்து, "நெஞ்சில கரண்ட் பிடிச்சுப் பாக்கப் போறம், சட்டையக் கழட்டிப் போட்டுப் படுங்க" என்றார்.

அவ்வளவுதான். வாப்பா சட்டைப் பொத்தானைப் பிடித்துக்கொண்டு கதவுப் பக்கம் போய்விட்டார். கல்முனை நெல்லு மில்லில் கரண்ட் அடித்து ஒரு மாடு செத்ததை அவர் கண்ணால் கண்டவர்.

"மாடு தாங்காத கரண்ட நான் தாங்குவனா? வா புள்ள, ஊருக்குப் போவம். மௌத்தானாலும் என்ட வீட்டுல மௌத்தாகிறன்."

டாக்குத்தர் சிரித்தார். "பெரியவர், நாங்க உங்களுக்குக் கரண்ட் குடுக்கிறல்ல. அது உங்கட உடம்புக்குள்ளயே ஓடுது. நெஞ்சு துடிக்கிற நேரமெல்லாம் துளிக் கரண்ட் வரும். அத இந்த மெசின் கடதாசியில கீறிக் காட்டும்."

நான் வாயைப் பிளந்தேன். எங்கள் வீட்டில் மண்ணெண்ணெய் விளக்குத்தான் எரிந்தது. தெருவுக்கே கரண்ட் இல்லாத ஊரிலிருந்து கரண்டை உடம்புக்குள் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்திருக்கிறோமாம்! எனக்கு நம்பிக்கை வரவில்லை. வாப்பாவுக்கும் வரவில்லை.

அப்போதுதான் என் புருஷன் சட்டையைக் கழற்றினார்.

"மாமா, முதல்ல நான் படுக்கிறன். எனக்கு ஒண்டும் ஆகல்ல எண்டாப் பொறகு நீங்க படுங்க."

டாக்குத்தரும் சரியென்றார். கையிலும் காலிலும் களிம்பு பூசித் தகடு வைத்துக் கட்டினார்கள். மாரில் வைத்தபோது கூசுகிறது என்று இவர் நெளிந்தார், நான் வாயைப் பொத்திக்கொண்டேன். வாப்பா தூர நின்று, புகை வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார். மெசினிலிருந்து நாடா போலக் கடதாசி வந்தது. டாக்குத்தர் அதை விரலுக்கிடையில் இழுத்தார். சிரித்துக்கொண்டிருந்த மனிதர் சிரிப்பை நிறுத்தினார். வயர்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார். மாறிக் கட்டியிருக்கிறதா என்று உதவியாளரிடம் கேட்டார். கழற்றிவிட்டுத் திரும்பக் கட்டச் சொன்னார். திரும்பவும் கடதாசி வந்தது.

பிறகு அதைச் சுருட்டி வைத்துவிட்டு வாப்பாவைப் படுக்க வைத்தார். வாப்பா கலிமா சொல்லிக்கொண்டே படுத்தார், உயிரோடு எழும்பினார்.

"பெரியவர், உங்கட நெஞ்சுக்கு ஒரு குறையுமில்ல. வயித்திலதான் புண் இருக்கிற மாதிரிக் கிடக்கு. மருந்து தாறன், உறைப்ப விடுங்க" என்றார் டாக்குத்தர். எனக்கு உயிர் வந்தது. 'அல்ஹம்துலில்லாஹ்' என்று வாய் எடுப்பதற்குள் அவர் என் புருஷன் பக்கம் திரும்பினார்.

"தம்பி, உங்களுக்கு நெஞ்சு நோ எப்ப வந்தது?"

"எனக்கா? ஒருநாளும் வந்ததில்லையே."

"நல்லா யோசிங்க. வேர்வை கொட்டி, இடக் கை விறைச்சு, நிக்க ஏலாமப் போன நாள் ஒண்டுமில்லையா?"

நாங்கள் மூன்று பேரும் ஒரே நேரத்தில் சொன்னோம்: "அது வாய்வு!"

போன கரைவலைக் காலத்தில் ஒரு நாள், கயிற்றை இழுத்துக்கொண்டிருந்தவர் மண்ணில் மண்டியிட்டு உட்கார்ந்துவிட்டார். வேர்வையில் நனைந்து போனார். வலைக்காரர் முதுகைத் தேய்த்து, வேர்க்கொம்புத் தேத்தண்ணி கொடுத்தார்கள். கொஞ்சம் இளைப்பாறிவிட்டு எழும்பி, மிச்சக் கயிற்றையும் இழுத்துவிட்டுத்தான் வீட்டுக்கு வந்தார். இதை வாப்பா பெருமையாகவே சொன்னார்.

"அது வாய்வில்ல. அண்டைக்கு இவர்ட நெஞ்சில ஒரு பகுதி செத்துப் போயிற்று" என்றார் டாக்குத்தர்.

என் முன்னால் சட்டைப் பொத்தான் போட்டுக்கொண்டிருக்கிற மனிதருக்குள் ஒரு துண்டு மௌத்தாகி மாதக்கணக்காகிறது, அந்த மனிதரோடு நான் ஒரே பாயில் படுத்தெழும்பியிருக்கிறேன். மருந்து கேட்டேன். ஓய்வுதான் மருந்து என்றார். இனிக் கயிறு தொடக் கூடாது, பாரம் தூக்கக் கூடாது. வாய்வு போய் ஓய்வு வந்தது எங்களுக்கு. கண்டுபிடிக்க மெசின் கொண்டுவந்தவர்கள் மருந்தையும் கையோடு கொண்டுவந்திருக்கக் கூடாதா?

அன்று அந்திக்கு வீடு நிறைய ஆட்கள், வாப்பாவைச் சுகம் விசாரிக்க. வந்தவர்கள் உட்காரக் கதிரை தூக்கிப் போட்டுக்கொண்டு நின்றவர் என் புருஷன். வாப்பா எழும்பிக் கத்தினார்: "அவன் கதிர தூக்கக் கூடா! நோயாளி நானில்ல, அவன்!" ஒருவரும் நம்பவில்லை. கிழவருக்கு மெசினில் மூளை கலங்கிவிட்டது என்று காதோடு காது சொன்னார்கள்.

அதற்குப் பிறகு அவர் கயிற்றைத் தொடவில்லை. மீன் விற்கிற இடத்தில் வெறுமனே நின்றார். உடம்பு ஊதியது, பேச்சுக் குறைந்தது. "மெசினுக்கு முன்ன நான் நல்லாத்தானே இருந்த" என்று என்னிடம் சண்டை பிடிப்பார். நானும் விட்டுக்கொடுக்கவில்லை. ஆனாலும் டாக்குத்தர் சொன்னதையெல்லாம் கேட்டார், ஒன்றையும் மீறவில்லை. அடுத்த கரைவலைக் காலம் தொடங்குவதற்கு முன், பகல் சாப்பாட்டுக்குப் பிறகு சாய்ந்திருந்தவர் அப்படியே மௌத்தாகிப் போனார். சொல் கேட்டு நடந்தவரை இப்படிக் கொண்டுபோகலாமா என்று நான் அல்லாஹ்விடமே சண்டை போட்டேன். அந்தக் கோபம் இன்னும் முழுதாக அடங்கவில்லை.

நாங்கள் பெண்கள் மௌத்தானவரை அடக்குகிற மையவாடிக்குப் போவதில்லை. அங்கே நடந்ததை வாப்பாவின் மூத்த மகன், என் காக்கா, வந்து சொன்னார். ஜனாஸாவை இறக்குவதற்கு வாப்பா கபுறுக் குழிக்குள் குதித்துவிட்டாராம். வயசாளி, விலகுங்கள் என்று ஆட்கள் தோளைப் பிடித்து இழுத்தார்களாம். வாப்பா கையைத் தட்டிவிட்டாராம்.

"எனக்காக முதல்ல படுத்தவன் இவன். நான்தான் இவனப் படுக்க வைக்கோணும்."