மணி அடிக்காத முதல் நாள்

சொன்னதைக் கேட்கும்படி ஓர் ஆறு வயதுக் குழந்தையைப் பழக்கும்போது, எப்போது கேட்கக் கூடாது என்பதையும் சேர்த்தே பழக்கிவிட முடியுமா? அந்த ஜூன் மாதக் காலைக்கு முன் இப்படியொரு கேள்வி எனக்கு எழுந்ததில்லை.

எங்கள் தொடக்கப்பள்ளி எண்ணூர் நெடுஞ்சாலைக்கும் கடலுக்கும் நடுவில் இருக்கிறது. பள்ளி திறந்த முதல் நாள் ஒன்றாம் வகுப்பு என் பொறுப்பு. அழுகையை மறக்கடிக்கவும் பெயர்களைப் பழக்கவும் ஒரு விளையாட்டு வைத்திருந்தேன். மஞ்சள் அட்டையில் ஒவ்வொருவர் பெயரையும் எழுதி ஊக்கால் சட்டையில் குத்திவிட்டு, பக்கத்தில் இருப்பவரோடு அட்டையை மாற்றிக்கொள்ளச் சொன்னேன். இடைவேளை மணி அடிக்கும் வரை அட்டையில் உள்ள பெயர்தான் தன் பெயர். அந்தப் பெயரைக் கூப்பிட்டால் எழுந்து வர வேண்டும். யார் கேட்டாலும் சொந்தப் பெயரைச் சொல்லக் கூடாது, சொன்னால் அவுட். காலையில் தாயின் புடவையை விடாமல் அழுதவர்கள்கூடச் சிரிக்கத் தொடங்கியிருந்தார்கள்.

அப்போதுதான் வாடை வந்தது. கண்ணைக் கரித்து, தொண்டையைப் பிடிக்கும் வாடை. எங்கிருந்து வந்தது என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது. சுற்றிலும் ஆலைகள் உள்ள இந்தப் பகுதிப் பிள்ளைகளுக்கு அதை விளக்க வேண்டியதில்லை. "மிஸ், கேஸு" என்று மட்டும் சொல்லிவிட்டு, முன்வரிசைச் சிறுமி தண்ணீர் பாட்டிலைத் திறந்து கைக்குட்டையை நனைத்தாள். சன்னல்களைச் சாத்தி, கிடைத்த துணிகளையெல்லாம் நனைத்துப் பிள்ளைகளின் மூக்கையும் வாயையும் மூடிக் கட்டினோம். மணி அடிக்க வேண்டாம் என்று தலைமையாசிரியை தடுத்துவிட்டார். மணி அடித்தால் பெரிய வகுப்புப் பிள்ளைகள் சாலைக்கு ஓடிவிடுவார்கள். சாலையில் கண்டெய்னர் லாரிகள் நிற்காமல் போய்க்கொண்டிருந்தன. அவர் சொன்னது நியாயம்தான். ஆகவே அன்று இடைவேளை மணி அடிக்கவே இல்லை.

சற்று நேரத்தில் பெற்றோர் பள்ளிக் கேட்டை உலுக்கத் தொடங்கினார்கள். முதல் நாள் என்பதால் எனக்கு ஒரு முகமும் பழக்கமில்லை. யாருக்கு யார் பிள்ளை என்று தெரியாமலே ஒவ்வொருவராக ஒப்படைக்க வேண்டியிருந்தது.

காக்கிச் சட்டை அணிந்த ஆட்டோக்காரர் ஒருவர், மீனவர் வீட்டுப் பெண் ஒருத்தியின் பெயரைச் சொல்லிக் கேட்டார். நான் தயங்கியதும் கைபேசியைக் கம்பிக்குள் நீட்டினார். "அவங்கம்மா லைன்ல கீறாங்க மிஸ், நீங்களே பேசுங்க." மறுமுனையில் ஒரு பெண் குரல்: "அவரு எங்க வூட்டுக்காரரோட தோஸ்து மிஸ். நம்பி அனுப்புங்க."

பெயரைக் கூப்பிட்டேன். மஞ்சள் அட்டையோடு ஓர் உருவம் எழுந்து வந்தது. ஈரத் துண்டுக்கு மேலே கண்கள் மட்டுமே தெரிந்தன. அட்டையில் அதே பெயர். ஆட்டோக்காரர் அவளை வாரியெடுத்துக்கொண்டு போனார்.

ஆட்டோவின் சத்தம் ஓய்ந்த பிறகு என் புடவையை ஒரு கை இழுத்தது. "அந்த மாமா என்ன வுட்டுட்டுப் போய்ட்டாரு மிஸ்." அழுதுகொண்டிருந்த அவள் நெஞ்சில் வேறொரு பெயர் குத்தியிருந்தது.

ஆட்டோக்காரர் கேட்டு வந்த குழந்தை இவள்தான்; அட்டைகள் இன்னும் மாறியே இருந்தன. வந்த ஆளைச் சரிபார்த்திருந்தேன். குழந்தையைச் சரிபார்க்கவில்லை. ஆட்டோ எண்ணும் தெரியாது, கைபேசி எண்ணும் தெரியாது. வெளியே ஓடினால் உள்ளே இருக்கும் மற்ற பிள்ளைகளை யார் பார்ப்பது என்ற எண்ணம் காலைக் கட்டிப்போட்டது. அதற்குள் அந்த வேறொரு பெயரைச் சொல்லிக்கொண்டே ஒரு தாய் கேட்டருகே வந்து நின்றார்.

உண்மையைச் சொன்னால் அவர் லாரிகளுக்கு நடுவே ஓடக்கூடும். மறைத்தால், அவருக்குத் தெரிய வேண்டியதை நானே தடுத்தவளாவேன். கம்பி வழியாக அவர் கையைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கத்தவில்லை.

"அந்த ஆளு நல்லவனா மிஸ்?" என்று மட்டும் கேட்டார்.

அந்த மனிதரைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம், முகம் தெரியாத ஒருத்தி 'நம்பி அனுப்புங்க' என்று சொன்னது மட்டுமே. ஆட்டோ போன திசையையே இருவரும் பார்த்துக்கொண்டு நின்றோம். என் விரல்களில் அவருடைய நகம் பதிந்திருந்தது.

ஆட்டோ திரும்பி வந்தது. இறங்கிய அந்த மனிதர் என்னைவிட அதிகமாகப் பயந்திருந்தார். "தண்ணி குடுக்கலாம்னு துணியக் கயட்டுனா வேற கொயந்த மிஸ். பேரக் கேட்டா, நம்ம பொண்ணு பேரையே சொல்லிகினு கீது. இன்னாடா இதுன்னு எனக்கு பேஜாரா பூட்ச்சி."

அந்தத் தாய் அப்படியே தரையில் உட்கார்ந்து மகளை மடியில் இழுத்துக்கொண்டார். மடியிலிருந்து அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"இன்னும் மணி அடிக்கல இல்ல மிஸ்? நான் அவுட் இல்லியே?"

அட்டை விளையாட்டை நான் கைவிடவில்லை. அந்த ஆண்டுக்குப் பிறகு, அதைத் தொடங்கும் முன்பே நிறுத்தப் பழகுகிறோம். நான் கைதட்டியதும் எந்த விளையாட்டானாலும் முடிந்துவிடும். எல்லோரும் அவரவர் சொந்தப் பெயரை உரக்கச் சொல்ல வேண்டும். வாடை வந்தாலும் வராவிட்டாலும், முகத்தைப் பார்த்து, பெயரைக் குழந்தையின் வாயாலேயே கேட்ட பிறகுதான் கேட்டைத் திறக்கிறேன்.