பெட்டித் தகரத்தில் வெட்டிய எழுத்து

எனக்குப் பொறுமை கிடையாது. பதுளையில் நான் படித்த பள்ளிக்கூடத்தில் இதைச் சொல்லிச் சொல்லியே ஆசிரியைகள் அலுத்துப்போனார்கள். கணக்குப் பாதியில் இருக்கும்போதே அடுத்த பக்கத்தைப் புரட்டிப் பார்ப்பேன். தையல் வகுப்பில் ஊசியைத் துணியில் குத்தி வைத்துவிட்டு, மழை விட்டதா என்று எட்டிப் பார்ப்பேன். அப்படிப்பட்ட என்னை, பெரகலைக்குக் கீழே ஒரு தேயிலைத் தோட்டத்துக்கு ஆசிரியையாக அனுப்பினார்கள். ஒரே மாதத்தில் எல்லாப் பிள்ளைகளையும் வாசிக்க வைத்துவிடலாம் என்று, மாட்டு வண்டியில் வரும்போதே மனத்துக்குள் முடிவு கட்டிவிட்டேன்.

பள்ளிக்கூடம் என்றால் ஒரு தகரக் கொட்டகை, அவ்வளவுதான். ஒரு பக்கம் தேயிலை ஸ்டோர். எதிரே பெரட்டுக் களம். விடியற்காலையில் ஆட்களைப் பேர் கூப்பிட்டு வேலைக்குப் பிரித்து அனுப்பும் இடம். களத்துக்கு அப்பால், தொழிலாளர்கள் குடியிருக்கும் லயத்தின் கோடிச் சுவர், ஜன்னல் எதுவும் இல்லாமல், சும்மா வெள்ளையாக நின்றது. கொட்டகைக்குள் இருந்தவை உடைந்ததும் உடையாததுமாகச் சில சிலேட்டுகள், ஒரு கரும்பலகை, ஒரே ஒரு பாடப் புத்தகம்.

முதல் நாள் பிள்ளைகள் அந்தப் புத்தகத்தைக் கணீரென்று வாசித்தார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. ஒரு பையன் மட்டும் புத்தகத்தைப் பார்க்காமல் மலையைப் பார்த்துக்கொண்டே வாசித்தான். சந்தேகம் வந்து புத்தகத்தை மூடினேன். வாசிப்பு நிற்கவில்லை. கடைசிப் பக்கம்வரை ஓடி, முடிந்ததும் அவர்களாகவே முதல் பக்கத்திலிருந்து மறுபடி தொடங்கினார்கள்.

அந்த வாரமே கண்டக்கையா கொட்டகைக்கு வந்தார். தோட்டத்து வேலைகளை எல்லாம் மேற்பார்க்கும் கண்டக்டரை எல்லோரும் அப்படித்தான் அழைப்பார்கள்.

"டீச்சரம்மா, மழைக்காலம் முடியிறதுக்குள்ள பள்ளிக்கூட இன்ஸ்பெக்டர் ஐயா வர்றாரு. புள்ளைங்களுக்கு வாசிக்கத் தெரியலைன்னா கொட்டகைய மூடிரச் சொல்லித் தொரை சொல்லிட்டாரு."

"மூடினா புள்ளைங்க எங்க போகும்?"

"எங்க போகும்? புல்லு வெட்டப் போகும். மலையில கை பத்தலைங்க."

அவர் அதைக் கோபமாகச் சொல்லவில்லை. மழை வரும் என்று சொல்வதுபோலச் சொன்னார். எனக்குத்தான் உடம்பெல்லாம் எரிந்தது. அன்றிலிருந்து ஓர் இடத்தில் என்னால் உட்கார முடியவில்லை. ஒரு புத்தகத்தை வைத்துக்கொண்டு ஒரு கொட்டகைப் பிள்ளைகளுக்கு என்ன செய்வது? சிலேட்டில் ஒவ்வொருவருக்கும் எழுதிக் கொடுத்தேன். கடைசிப் பிள்ளைக்கு எழுதி முடிப்பதற்குள் முதல் பிள்ளை எச்சில் தொட்டு அழித்திருக்கும்.

வழி ஸ்டோருக்குள்ளிருந்து கிடைத்தது. தேயிலைப் பெட்டிகளுக்கு மார்க் அடிப்பதை அப்போதுதான் கவனித்துப் பார்த்தேன். எழுத்து வெட்டிய தகரத்தைப் பெட்டியின்மேல் வைத்து, மொட்டைத் தூரிகையைக் கறுப்பு மையில் தோய்த்து நாலு குத்து. தகரத்தை எடுத்தால் தோட்டத்தின் பெயர் இங்கிலீஷில் பளிச்சென்று நிற்கிறது. அடுத்த பெட்டி, அதற்கடுத்த பெட்டி, ஒன்றுபோலவே எல்லாம். நான் வாசலில் நின்று வாய் பிளந்து பார்த்ததை மார்க் அடிக்கிறவர் கவனித்துவிட்டார்.

"என்னாங்க டீச்சரம்மா, லண்டனுக்குப் போற யோசனையா? பெட்டிக்குள்ள ஏறி ஒக்காருங்க, நெத்தியில மார்க் அடிச்சு அனுப்பி விடுறேன்."

"தமிழ் எழுத்து வெட்டித் தருவீங்களா?"

"தமிழா? லண்டன்ல எவன் வாசிக்கிறது?"

"லண்டனுக்கு இல்லைங்க. லயத்துக்கு."

அவர் சிரித்தார். ஆனாலும் வெட்டுளியைத் தர ஒப்புக்கொண்டார்; வெட்டுவது என் பாடு. பெரகலைச் சந்திக்கு ஓடினேன். கடைக்கார நானாவிடம் வெற்று மண்ணெண்ணெய் டின்கள் கேட்டபோது அவர் தாடியைத் தடவினார். "ஸ்கூலுக்கு மண்ணெண்ண டின் எதுக்கு? படிக்கப் போறீங்களா, பத்த வைக்கப் போறீங்களா?"

முதலில் 'அ' வெட்டினேன். வெட்டி முடித்துத் தூக்கியதும் சுழிக்குள் இருந்த தகரம் கழன்று கீழே விழுந்தது. அச்சு அடித்தால் எழுத்துக்கு நடுவில் ஒரு கறுப்புக் குழி. அதையும் வீசி எறியத்தான் கை போனது. ஸ்டோர்த் தகரத்தை இரவல் வாங்கி உற்றுப் பார்த்தபோதுதான், இடையில் மெல்லிய பாலங்கள் விட்டு வெட்டியிருப்பது தெரிந்தது. மறுபடி வெட்டினேன். விரல்களில் துணி சுற்றாத நாள் இல்லை. உயிரெழுத்து, மெய்யெழுத்து, கொம்பு, கால், புள்ளி என்று ஒவ்வொன்றாகச் சேர்ந்தன.

ஸ்டோரில் கழித்துப்போட்ட பலகைத் துண்டுகளில் அடித்து, பிள்ளைக்கு ஒரு பலகையாகக் கொடுத்தனுப்பினேன். எல்லோர் வீட்டிலும் இனிப் புத்தகம்! மறுநாள் பாதிப் பிள்ளைகள் வெறுங்கையோடு வந்தார்கள். லயத்தின் கடைசி அறையான கோடிக் காம்பிராவில் இருந்த பெண்ணிடம் கேட்கப் போனேன். அவள் மகள்தான் வகுப்பிலேயே வேகமானவள்.

"பலகை எங்கங்க?"

அவள் அடுப்பைப் பார்த்தாள். "வெறகெல்லாம் ஒரே ஈரம் டீச்சரம்மா. ஒங்க 'க' மட்டும்தான் நல்லாப் புடிச்சு எரிஞ்சிச்சு. அதுலதான் ரொட்டி சுட்டேன். சாப்பிடுறீங்களா?"

அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. ரொட்டியைச் சாப்பிட்டேன். சாப்பிட்டுக்கொண்டே வெளியே பார்த்தபோது கோடிச் சுவர் கண்ணில் பட்டது. அதை யாராலும் அடுப்பில் வைக்க முடியாது.

அன்று சாயங்காலமே பிள்ளைகளும் நானும் சுவரில் அடித்தோம். கை எட்டும் உயரம்வரை எழுத்துகள், அவற்றின் கீழே சொற்கள்: கல், மலை, ஆடு, கூடை. மார்க் அடிக்கிறவர் மைச் சட்டியோடு வந்து வேடிக்கை பார்த்தார். அப்புறம் தூரிகையைப் பிடுங்கி அவரே அடித்தார். காலையில் பெரட்டுக்கு நின்ற பெண்கள் கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டே சுவரைக் காட்டி ஏதேதோ பேசிக்கொண்டார்கள். பிள்ளைகள் கொட்டகையிலிருந்து நேரே பார்த்து வாசித்தார்கள். பாட்டாக இல்லை, தடுக்கித் தடுக்கி, நெற்றியைச் சுருக்கி வாசித்தார்கள். தகரங்களைப் பொறுக்கிக் கரும்பலகையில் தாங்களே சொல் அடிக்கவும் பழகினார்கள். எனக்கு அந்த வேகமும் போதவில்லை. இன்னும், இன்னும் என்று விரட்டினேன்.

இன்ஸ்பெக்டர் வரும் நாள் தெரிந்தது. அதற்கு முதல் நாள் காலை களத்தில் சுண்ணாம்பு வாளிகள் வந்து இறங்கின. கண்டக்கையா நின்று வேலை வாங்கினார்.

"பெரிய ஐயா வர்றப்ப லயம் சுத்தமா இருக்க வேணாமாங்க? சொவரு பூராக் கரியாக் கெடக்கு."

"அந்தக் கரியைத்தாங்க புள்ளைங்க படிக்குது! இன்ஸ்பெக்டர் பார்க்க வர்றதே அதைத்தான்!"

"அவரு புள்ளைங்களத்தான் பாக்க வர்றாரு. சொவர இல்ல."

சுண்ணாம்பு ஈரமாக இருந்தவரை எழுத்துகள் அதற்குள்ளிருந்து மங்கலாகத் தெரிந்தன. அப்பாடா என்று இருந்தது. வெயில் ஏற ஏறச் சுவர் காய்ந்தது. ஒவ்வொரு எழுத்தாக உள்ளே போய்விட்டது. மத்தியானம் பார்த்தால் வெள்ளைவெளேரென்று ஒரு சுவர். பிள்ளைகள் என் முகத்தைப் பார்த்தார்கள். நான் தகரங்களை அடுக்குவதும் கலைப்பதுமாக இருந்தேன்.

இன்ஸ்பெக்டர் தமிழர், காலில் சப்பாத்தும் தலையில் தொப்பியுமாகக் குதிரையில் வந்தார். அவர் நாற்காலியில் உட்காரவும் மழை பிடிக்கவும் சரியாக இருந்தது. புத்தகத்தை முதல் பையனிடம் நீட்டினார். அவன் மலையைப் பார்த்தான். வாயைத் திறந்தான், தகரக் கூரைமேல் மழை வலுத்து இறங்கியது. அவன் பாடியது அவனுக்கே கேட்டிருக்காது. இன்ஸ்பெக்டர் காதில் கை வைத்துக் குனிந்தார். தலையை ஆட்டினார். ஏதோ கேட்டார், அதுவும் காதில் விழவில்லை. கண்டக்கையா, அவ்வளவுதான் என்பதுபோல என்னைப் பார்த்தார்.

இன்ஸ்பெக்டர் எழுந்துவிடப் போகிறார் என்ற பயத்தில் எனக்கு வெட்கமெல்லாம் போய்விட்டது. தகரப் பெட்டியைத் தூக்கி அவர் முன்னால் வைத்தேன். கரும்பலகையைக் காட்டினேன். பிள்ளைகளைக் காட்டினேன். அவர் சிறிது நேரம் என்னையும் தகரங்களையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு விரலை வெளியே நீட்டி வானத்தைக் காட்டினார்.

கோடிக் காம்பிராக்காரியின் மகள் எழுந்து வந்தாள். 'ம' எடுத்தாள். அடுத்ததற்குத் தடுமாறினாள். அவள் கண் பழக்கதோஷத்தில் களத்துக்கு அப்பால் போனது. நானும் பார்த்தேன். சாரல் அறைந்து கோடிச் சுவர் முழுக்க நனைந்திருந்தது. நனைந்த சுண்ணாம்புக்குள்ளிருந்து எழுத்துகள் சாம்பல் நிறத்தில் மேலே வந்துகொண்டிருந்தன. அந்தச் சுவரில் 'மழை' என்ற சொல் கிடையாது. ஆனால் 'ழ' தனியாக இருந்தது. 'கூடை'யின் நடுவில் ஐகாரக் கொம்பும் இருந்தது. அவள் இரண்டையும் பார்த்தாள், இரண்டு தகரத்தையும் பொறுக்கினாள், அடித்தாள். மழை.

இன்ஸ்பெக்டரும் சுவரைப் பார்த்துவிட்டார். நாற்காலியைத் திருப்பிப் போட்டு அதை மறைப்பதுபோல உட்கார்ந்தார். தொப்பியைக் காட்டினார், ஒருவன் தப்பும் சரியுமாக அடித்தான். கூரையைக் காட்டினார், இன்னொருத்தி அடித்தாள். சிலர் விழித்துக்கொண்டு நின்றார்கள், அதையும் சொல்லத்தான் வேண்டும். கடைசியில், மலையைப் பார்த்துப் பாடிய பையனைக் கூப்பிட்டுத் தன் சப்பாத்தைக் காட்டினார்.

பையன் குனிந்து நன்றாகப் பார்த்தான். நிதானமாகத் தகரங்களைத் தேடி எடுத்தான். 'அ'. 'ட்'. சப்பாத்துக்கு இது என்ன எழுத்து? அவன் முடித்துவிட்டு விலகி நின்றான்.

அட்டை.

இன்ஸ்பெக்டர் புருவத்தைச் சுருக்கினார். பிறகு காலைப் பார்த்தார். சப்பாத்துக்கு மேலே, காலுறையில், கொழுத்துப்போய் ஓர் அட்டை தொங்கிக்கொண்டிருந்தது. அவர் நாற்காலி கவிழ எழுந்து குதித்ததையும், கண்டக்கையா சுண்ணாம்பு தேடி ஓடியதையும் பிள்ளைகள் இன்றுவரை நடித்துக் காட்டுகிறார்கள். மழைச் சத்தத்தை மீறிக் கேட்டது இன்ஸ்பெக்டருடைய சிரிப்புதான்.

கொட்டகை தப்பியது. அடுத்த சோதனைவரைக்கும்தான் என்று கண்டக்கையா அழுத்திச் சொன்னார். இனிச் சுவரில் கை வைக்கக்கூடாது என்றும் சொன்னார். நான் தலையாட்டினேன். அதற்குள் என் மனம் இன்னும் வெட்டாத கூட்டெழுத்துகளில் இருந்தது.

மறுநாள் விடியற்காலை பனி மூட்டம். சுவர் ஈரத்தில் ஊறி, எழுத்தெல்லாம் மறுபடி வெளியே நின்றது. பெரட்டில் கண்டக்கையா பேர் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். ஒரு பேருக்கு மட்டும் பதில் வரவில்லை. மறுபடி உரக்கக் கூப்பிட்டார். என் பலகையில் ரொட்டி சுட்டவள் கூடையைத் தலையில் மாட்டியபடி சுவருக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தாள். விரல் 'கூடை'யில் இருந்தது.

"இருங்க கண்டக்கையா," என்றாள், திரும்பாமலே. "இன்னும் ஒரு எழுத்துத்தான்."