எர்ணாவூர் தீவு இல்லையே

தீவு ஆராய்ச்சியாளருக்கு மனைவியாக இருப்பதும் ஒரு உத்தியோகம்தான். சம்பளம் கிடையாது, லீவு கிடையாது, சொந்த ஃப்ரீசரில் ஐஸ் வைக்க இடமும் கிடையாது. நடுக்கடல் தீவுகளில் நண்டு எப்படி வாழ்கிறது, மனிதர் எப்படி வாழ்கிறார் என்று என் வீட்டுக்காரர் பத்தொன்பது வருடமாக ஆராய்கிறார். ராயபுரத்தில் நான் எப்படி வாழ்கிறேன் என்பது அவர் தலைப்பில் வரவில்லை. இப்படிப் புருஷன் வாய்த்த சகோதரிகளே, உங்களுக்குச் சொன்னால்தான் புரியும்.

கரன்ட் போன நாள்

அவர் தீவிலிருந்து நண்டுகளைக் கொண்டுவந்து எங்கள் வீட்டு ஃப்ரீசரில் அடைத்துவிட்டு டெல்லிக்குப் போய்விட்டார். மறுநாள் காலையிலிருந்து கரன்ட் இல்லை. போனில் பதறினார். "உருகிடுச்சுன்னா மூணு மாச உழைப்பு போச்சு." மாவு, பால் எல்லாம் போகட்டும், நண்டு முக்கியம். காசிமேட்டில் படகுக்கு ஐஸ் கட்டி கொடுக்கும் இடத்துக்கு ஆட்டோ பிடித்து ஓடினேன். எதற்கு இவ்வளவு ஐஸ் என்று ஐஸ் உடைப்பவர் கேட்டார். விவரம் சொன்னேன். கோணியைக் கட்டிக்கொண்டே சொன்னார்:

"அம்மாந்தூரம் கப்பல்ல வந்துகீது, இன்னும் கொழம்பு வைக்கலியா?"

டேப்பில் ஒரு குரல்

நண்டைப் பதப்படுத்தும் பாட்டிலுக்குள் போடும் சீட்டை பென்சிலில்தான் எழுத வேண்டும். ஸ்பிரிட்டில் மை கரைந்துவிடும். அவர் எழுதினால் அவருக்கே படிக்க வராது. என்னுடையது கான்வென்டில் சிஸ்டர் ஸ்கேலால் முட்டியில் தட்டி வளர்த்த கையெழுத்து. ஆகவே அத்தனை சீட்டும் நான்தான் எழுதினேன். தீவுவாசிகளிடம் அவர் எடுத்த பேட்டிகளை டேப்பில் கேட்டு எழுதியதும் நான்தான்.

ஒரு டேப்பில், அந்தத் தீவுப் பக்கம் குடியேறிய தமிழ்ப் பெண் ஒருத்தி. எத்தனை பேர், என்ன சமைத்தீர்கள் என்று இவர் கேட்டுக்கொண்டே போகிறார். அவள் பொறுமையாகப் பதில் சொல்லிவிட்டு இவரை ஒன்று கேட்கிறாள். இவர் அடுத்த கேள்விக்குப் போய்விட்டார். அவள் கேட்டதையும் ஒரு எழுத்து விடாமல் எழுதி வைத்தேன்:

"எங்க வீட்ல இன்னைக்கு என்ன குழம்புன்னு எழுதிக்கிறீங்களே சார், உங்க வீட்ல என்னன்னு தெரியுமா?"

தேசம்மாவின் நண்டு

தேசம்மாவின் புருஷன் எர்ணாவூர் பக்கம் கழிமுகத்தில் நண்டு பிடிப்பவர். அவள் அதைக் கூடையில் எங்கள் தெருவுக்குக் கொண்டுவருவாள். போன வருடத்திலிருந்து நண்டைத் திறந்தால் செவுளில் கறுப்பு எண்ணெய். மண்ணெண்ணெய் நாற்றம் என்று ஒருத்தரும் வாங்குவதில்லை. தண்ணீர் கெட்டிருக்கிறது என்று காகிதம் இருந்தால்தான் நஷ்டஈட்டு மனுவை வாங்குவோம் என்று மீன்வளத் துறை ஆபீசில் திருப்பி அனுப்பிவிட்டார்களாம். ஒரு பையில் ஆறு நண்டைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தாள்.

"தீவு நண்டுக்குப் பாக்கறார்ல உங்க வூட்டுக்காரரு, இத்தையும் பாக்கச் சொல்லுக்கா. செத்த நண்டுதான, அதுக்கு இன்னா ஊர் தெரியப்போவுது?"

ஒரு வரி

பென்சிலில் சீட்டு எழுதி, தீவு நண்டுக்குப் பக்கத்தில் வைத்தேன். அவரும் மறுக்காமல் லேபுக்கு எடுத்துப்போனார். எனக்குக்கூடக் கொஞ்சம் பெருமையாக இருந்தது. இரண்டு மாதம் கழித்து, எந்த நண்டில் எவ்வளவு எண்ணெய் என்ற அட்டவணையைக் காட்டினார். தீவு நண்டு பத்து வரி. கடைசியில் எர்ணாவூர் ஒரு வரி. "எங்க தீவு எவ்வளவு சுத்தம், பார்" என்று பூரித்தார். அந்தத் தீவு சுத்தம் என்று காட்டத்தான் தேசம்மாவின் நண்டு பயன்பட்டிருக்கிறது.

அந்த ஒரு வரியை லெட்டர்ஹெட்டில் அடித்துக் கையெழுத்துப் போட்டுத் தாருங்கள் என்றேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"அது ஒப்பிட்டுப் பார்க்க எடுத்ததும்மா. என் ஆராய்ச்சி தீவைப் பத்தி. எர்ணாவூர் தீவு இல்லையே."

அவள் பதில்

இதைத் தேசம்மாவிடம் எப்படிச் சொல்வது என்று இரண்டு நாள் கதவைத் திறக்கவில்லை. மூன்றாம் நாள் சொன்னேன். காலிக்கூடையை இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள்.

"மழ பேஞ்சா எங்க குப்பமும் தீவு மாறிதான் கீது. அப்ப வரச் சொல்லு."

முத்து முத்தாக

அன்றைக்கே அந்த வரியை நானே வெள்ளைத்தாளில் எழுதினேன்: எடுத்த இடம், நாள், அளவு, தீவு நண்டில் எவ்வளவு எண்ணெய், இதில் எவ்வளவு. கீழே என் பெயர். மனுவோடு தேசம்மாவும் நானும் ஆபீசில் போய் நின்றோம். அங்கிருந்தவர் தாளை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். நீங்கள் யார் என்றார். ஆராய்ச்சியாளரின் மனைவி என்றேன். தேசம்மா அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். தாளை மனுவிலிருந்து பிரித்து, மரியாதையாக என்னிடமே நீட்டினார்.

"கையெழுத்து முத்து முத்தா இருக்கு மேடம். சீல்தான் இல்ல."

ஆக, பத்தொன்பது வருடத் தீவு ஆராய்ச்சியில் எனக்குக் கிடைத்தது என் கையெழுத்துக்கு ஒரு நற்சான்றிதழ். தேசம்மாவுக்கு அதுவும் இல்லை.