வைண்டிங் கடை ஏகாம்பரமும் என் பைபிள் பையும்

நான் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமையே சொன்னேன், ஏகாம்பரம் வெள்ளிக்கிழமையைத் தாண்ட மாட்டான் என்று. இன்று வெள்ளிக்கிழமை... விடியற்காலையில் போய்விட்டான்.

கொரட்டூர் ஸ்டேஷன் பக்கத்தில் ஃபேன், மிக்ஸி, மோட்டாருக்குச் செம்புக்கம்பிக் காயில் கட்டிக்கொண்டிருந்தானே, அந்த வைண்டிங் கடை ஏகாம்பரம். என் முப்பது வருஷத்துச் சிநேகிதன்.

அவன் போனால் தெருவே அடைத்துக்கொள்ளும் என்றும் சொல்லியிருந்தேன். இப்போது போய்ப் பாருங்கள், ஷாமியானா போட இடமில்லை. நான் சொல்லி எது நடக்காமல் போயிருக்கிறது?

என்னைத் தெரியாதவர்களுக்கு... நான் எட்டாவதுதான். ஆனால் வசனம் என்று வந்தால் பாஸ்டரே என்னிடம் ஒரு தடவை கேட்டுக்கொண்டுதான் மேடை ஏறுவார். அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் ஓட்டிய காலத்தில், ஒரே ஷிஃப்டில் ஒரு டிபார்ட்மென்டையே ஆண்டவரிடம் கொண்டுவந்தவன் நான்.

ஏகாம்பரம் ஒருத்தன்தான் மசியவில்லை.

தினமும் காலையில் பைபிள் பையோடு அவன் கடைக்குப் போவேன். ஒரு கைப்பிரதி கொடுப்பேன். மரியாதையாக இரண்டு கையாலும் வாங்குவான். அப்புறம் பார்த்தால் அதில்தான் ஸ்க்ரூவும் வாஷரும் மடித்து கஸ்டமருக்குக் கொடுத்துக்கொண்டிருப்பான்!

"இன்னாடா இது?" என்றேன்.

"நீ எனக்கு ஒர்த்தனுக்குத்தான் குடுக்குற அண்ணாத்தே. நான் தெருத்தெருவா அனுப்பிகினு கீறேன். யாரு பெரிய ஊழியக்காரன், நீயே சொல்லு."

நான் விடுவேனா? மறுநாளிலிருந்து இரண்டிரண்டாகக் கொடுத்தேன்.

அப்புறம் ஒன்று நடந்தது... அதையும் எழுதத்தான் வேண்டும்.

எங்கள் சபையில் உபவாசக் கூட்டத்துக்கு ஜெபக்குறிப்பு எழுதிக் கொடுப்போம். மைக்கில் வாசிப்பார்கள். ஹார்ன் ஸ்பீக்கர் தெருவைப் பார்த்தபடி இருக்கும். நான் எழுதிக் கொடுத்தது, "பாவத்தில் அழிந்துகொண்டிருக்கும் ஏகாம்பரத்துக்காக." எங்கள் ஏரியாவில் இரண்டு ஏகாம்பரம். ஆண்டவருக்குக் குழப்பம் வரக்கூடாதே என்று 'வைண்டிங் கடை' என்பதையும் சேர்த்துவிட்டேன்.

மறுநாள் போனேன். அவன் தலை நிமிரவில்லை.

"ஆம்ப்ளிஃபையர் நல்லா எடுக்குதா அண்ணாத்தே?"

"சூப்பரா எடுக்குது. ஏன்?"

"போன வாரம் நான்தான் உங்க சபைக்கு சரி பண்ணிக் குடுத்தேன். நேத்து என் பேரு ரயில்வே கேட் வரிக்கும் கிளியரா கேட்டுச்சாம்."

நான் சிரித்தேன். அவன் சிரிக்கவில்லை.

"என் பொண்ணு ட்யூஷன்லருந்து அழுதுகினு வந்துச்சு. உங்கப்பா இன்னா தப்பு பண்ணாருன்னு பசங்க கேட்டுக்கீதுங்க. அதுக்கு நான் இன்னா சொல்ல? உன் சாமிய ஒரு நாளாச்சும் தப்பாப் பேசிக்கீறனா?"

"இல்லடா..."

"டீ குடிக்க வா. பேப்பர் படிக்க வா. நாள் முச்சூடும் குந்து. அந்தப் பையத் தூக்கிகினு வர்றதுன்னா நீயும் வராத."

மூன்று நாள் போகவில்லை. கேட்காதவன் வாசலில் கால் தூசியை உதறிவிட்டு அடுத்த வீட்டைப் பாருங்கள் பிரதர் என்று சபையில் சொன்னார்கள். எனக்கு வீட்டுக்கா பஞ்சம்? பட்டாபிராம் வரைக்கும் எனக்காகக் கதவைத் திறந்து வைத்துக் காத்திருக்கிறார்கள். ஆனால் காலை டீயை மட்டும் மூன்று நாளும் பாதியிலேயே வைத்துவிட்டேன்.

நாலாவது நாள் வெறுங்கையோடு போய் நின்றேன்.

"பை எங்க?"

"ஊட்ல கீது."

"குந்து."

அவ்வளவுதான். அதற்குப் பிறகு அவனிடம் வசனம் என்று ஒரு வார்த்தை நான் எடுத்ததில்லை. இத்தனை வருஷம்! ஒரு வாரம்கூடத் தாங்க மாட்டேன் என்று என் மனைவி சொன்னாள். பேச ஆரம்பிக்க ஆயிரம் பேர் இருக்கிறார்கள், எங்கே நிறுத்துவது என்று தெரிந்தவன் இந்தச் சென்னையில் நான் ஒருத்தன்தான்.

டிசம்பர் வந்தால் நான் கூப்பிடாமலே ஏணியோடு வருவான், எங்கள் வீட்டு ஸ்டாருக்கு ஒயர் இழுக்க. "இது எரியலன்னா உங்காளு வழி தெரியாம பக்கத்து ஏரியா பாடிக்குப் பூடப் போறாரு" என்பான்.

போன ஞாயிறு ஆஸ்பத்திரியில் பார்த்தேன். மூக்கில் ட்யூப். என் கையைப் பிடித்துக்கொண்டு, "அண்ணாத்தே... இப்பயாச்சும் எனக்கோசரம் ஜெபம் பண்ணு" என்றான். நான் ஆரம்பித்தேன் பாருங்கள், வார்டே எழுந்து உட்கார்ந்துவிட்டது...

...

இதுவரைக்கும் எழுதிப் போட்டுவிட்டு, மாலை வாங்கிக்கொண்டு அவன் வீட்டுக்கு வந்தேன். போனை எடுத்துப் பார்த்தால் கமென்டில் வரிசையாக ஆமென், அல்லேலூயா. பாஸ்டரிடமிருந்து கால்.

"பிரதர், எவ்வளவு பெரிய சாட்சி! சபை வேன்ல எல்லாரும் வர்றோம். அவர் வீட்டு வாசல்லயே நீங்க சாட்சி சொல்லணும். மைக் கொண்டு வர்றோம்."

நான் அப்போது வாசலில்தான் நின்றுகொண்டிருந்தேன். உள்ளே அவன் மகள், அன்றைக்கு ட்யூஷனிலிருந்து அழுதுகொண்டு வந்த அதே பெண், அப்பா நெற்றியில் விபூதி பூசிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் இடம் ஒதுக்கினாள்.

"பெரிப்பா, அங்க ஏன் நிக்கிறீங்க? அப்பா பக்கத்துல வந்து குந்துங்க."

அதனால்தான் இந்த எடிட். பாஸ்டர், வேன் வேண்டாம். மைக் வேண்டவே வேண்டாம். வருகிறவர்கள் மாலையோடு வாருங்கள், சாயங்காலம் நாலு மணிக்கு எடுக்கிறார்கள்.

ஜெபம் பண்ணச் சொல்லி அவன் கேட்கவில்லை. அது நானாகப் போட்டது. எனக்கு வாய் வரைக்கும் வந்தது, ஆனால் நான் ஆரம்பிக்கவில்லை.

போய் வாடா ஏகாம்பரம். அன்றைக்கு ஆஸ்பத்திரியில் நீ கேட்டது ஒரு வாய் தண்ணீர்தான்... கொடுத்தேன்.