நாலாவது ஸ்க்ரூ

இது நடந்தது. கதை அளக்கிறேன் என்று நினைப்பவர்கள் உறையூரில் ஜெபராஜின் கடைக்கு நேரே போய்க் கேட்டுக்கொள்ளலாம். ஆனால் அவர் வாயைத் திறக்கமாட்டார். கம்ப்யூட்டர் ரிப்பேர் பார்ப்பார், பில் கொடுப்பார், அவ்வளவுதான். என்னிடம் சொன்னதே ஒரே ஒரு தடவைதான். சொல்லும்போது அவர் முகத்தில் பயம் இல்லை. எதுவுமே இல்லை.

பேய் என்றதும் நடுராத்திரி, சுடுகாடு, நாய் ஊளை என்று ஆசையோடு வந்தவர்கள் மன்னிக்கவும். இது செப்டம்பர் பதினாலாம் தேதி மத்தியானம் 2:10-க்கு ஸ்ரீரங்கத்தில் ஆரம்பித்தது. மண்டையைப் பிளக்கும் வெயில்.

முதலில் சர்ஃபராஸைச் சொல்லிவிடுகிறேன். ஜெபராஜின் கூட்டாளி. பன்னிரண்டு வருஷம் ஒரே கடை, ஒரே டேபிள். ஜெபராஜ் அவரைப் 'பாய்' என்பார், அவர் இவரை 'ஜெபா' என்பார். பாய்க்கு இரண்டு பழக்கம். மெஷினை ஆன் செய்துவிட்டுத் திரை வரும்வரை ஸ்க்ரூ டிரைவரின் பின்பக்கத்தால் கேபினெட் பெட்டி மேல் மூன்று முறை தட்டுவார். டக்... டக்... டக். இரண்டாவது, வேலை முடிந்து மூடும்போது மூன்று ஸ்க்ரூதான் முடுக்குவார். நாலாவது அவர் சட்டைப் பாக்கெட்டுக்குள் போய்விடும். ஒரு வாரம் கழித்துத் திரும்பப் போய், மெஷின் நன்றாக ஓடுகிறது என்று கேட்ட பிறகுதான் அதை முடுக்குவார்.

"நாலாவது ஸ்க்ரூ போட்டாத்தான் ஜெபா வேலை முடிஞ்சுது. அதுவரைக்கும் பாக்கி."

ஜெபராஜுக்கு அதெல்லாம் ஆகாது. நாலையும் இறுக்கி முடுக்கிவிட்டு அடுத்த வேலைக்கு ஓடும் ஆள் அவர்.

அந்தச் சர்ஃபராஸ் ஆகஸ்ட் ஆறாம் தேதி காவேரிப் பாலத்தில் லாரி மோதி இறந்துபோனார். காலை 11:18. கடையை விட்டுக் கிளம்பியது 11:05. பாலத்தின் திருச்சிப் பக்க முனையிலேயே முடிந்துவிட்டது. ஆற்றைக் கடக்கவே இல்லை.

அவர் ஏன் போனார் என்பது ஒரே ஒருவருக்குத்தான் தெரியும்.

ஸ்ரீரங்கம் கீழ உத்திர வீதியில் யமுனா என்று ஒரு பெண். கல்யாண வீடியோ எடிட் செய்கிறவர். அவருக்கு ஒரு மெஷின் கட்டிக் கொடுத்திருந்தார்கள். கேபினெட்டுக்கு நீல நிறத்தில் நாலு ஸ்க்ரூ, அதனுடனேயே வந்தது. அதில் போட்டிருந்த மெமரி 3600 வேகம் ஓடக்கூடியது என்று அட்டையிலேயே அச்சடித்திருந்தது. சும்மா விட்டால் அந்த மெஷினின் மதர்போர்டு அதை 2133-ல்தான் ஓட்டும். அட்டையில் உள்ள 3600 வேண்டுமென்றால் விண்டோஸ் வருவதற்கு முன்னாலேயே திறக்கும் பயாஸ் செட்டிங்குக்குள் போய் ஒருவர் வைக்க வேண்டும். பாய் இரண்டையும் விட்டுவிட்டு 2933 வைத்திருந்தார். 'அட்டையில போட்டிருக்கறதெல்லாம் அப்படியே ஓடாது, இந்த போர்டுக்கு இதுதான் தாங்கும்' என்பது அவர் கட்சி.

யமுனா 3600 கேட்டார். ஆகஸ்ட் ஐந்து சாயங்காலம் ஜெபராஜ் போய் வைத்தார். வைத்தால் மெமரி டெஸ்ட் ஓடவிட வேண்டும். நாலு மணி நேரம் ஆகும். அவர் ஓடவிடவில்லை. மெஷின் ஆன் ஆனது, அது போதும் என்று நாலு ஸ்க்ரூவையும் முடுக்கிவிட்டு வந்துவிட்டார்.

மறுநாள் காலை 10:50-க்கு யமுனாவிடமிருந்து போன். நீலத் திரை வந்து மெஷின் செத்துச் செத்து எழுந்திருக்கிறது.

"நீ ஸ்பீடு ஏத்துனியா ஜெபா?"

"நான் கையே வைக்கல பாய்."

"அப்ப வேற என்னமோ. இரு, நான் பார்த்துட்டு வரேன்."

பாதி குடித்த டீயை டேபிளில் வைத்துவிட்டுப் போனார்.

அதன் பிறகு ஜெபராஜ் மரத்துப்போனார். ஆஸ்பத்திரியில் நின்றார். அடக்கத்தில் நின்றார். அழவில்லை. பாயின் சட்டைப் பாக்கெட்டில் இருந்த சாமான்களை ஆஸ்பத்திரிக்காரர்கள் ஒரு காக்கிக் கவரில் போட்டுப் பின் அடித்து, மேலே ஒட்டி, கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுத்தார்கள். பாயின் மனைவி சபீனா அதைத் தொட மறுத்துவிட்டார். "நாப்பதாம் நாள் கொண்டாங்கண்ணே, இப்ப என்னால பார்க்க முடியாது." கவர் கடையின் டிராயருக்குள் போனது. டிராயர் பூட்டப்பட்டது. சாவி ஜெபராஜ் இடுப்பில் இருந்தது.

நாற்பதாம் நாளுக்கு ஒரு வாரம் முன்னால் சபீனா கேட்டார். "அன்னைக்கு அவரு எதுக்குண்ணே அவ்வளவு அவசரமா போனாரு?"

"கஸ்டமர் கூப்பிட்டாங்கம்மா" என்றார் ஜெபராஜ். அதுவும் பொய் இல்லைதான்.

நாற்பதாம் நாள் வந்தது. சாயங்காலம் தென்னூரில் பாய் வீட்டில் அவருக்காக ஃபாத்திஹா ஓதுகிறார்கள். அன்றைக்கென்று பார்த்து யமுனாவிடமிருந்து போன். "சார், ஃப்ரெண்ட் ஒருத்தன் பார்த்துட்டு சொன்னான். 3600-ன்னு சொன்னீங்க, இதுல 2933 காட்டுதே?"

தான் 3600 வைத்துவிட்டு வந்த மெஷின் அது என்பதைக்கூட யோசிக்காமல் ஜெபராஜ் ஒன்றாம் நம்பர் பஸ் ஏறினார். நாற்பது நாளாக அந்தப் பாலத்தில் அவர் வண்டி ஓட்டவில்லை. பஸ்ஸிலும் ஜன்னல் பக்கம் உட்காரவில்லை. மனசில் ஒரே கணக்குதான். மறுபடி 3600 வைப்போம். டெஸ்ட் ஓடவிடுவோம். தப்பில்லாமல் ஓடினால், அன்றைக்கு மெஷின் செத்தது தன்னால் இல்லை. பிறகு சபீனா முகத்தைப் பார்த்துப் பேசலாம்.

2:10. யமுனா மெஷின் இருந்த மாடி அறையைத் திறந்துவிட்டார்.

"அன்னைக்கு பாய் வரேன்னு சொன்னாரே சார், வரவே இல்ல. நான் கீழேயே உக்காந்திருந்தேன். அப்புறம் மத்தியானம் பார்த்தா மெஷின் அருமையா ஓடுது. நீங்க அங்கேர்ந்தே சரி பண்ணிட்டீங்கன்னு நெனச்சுக்கிட்டேன்."

பயாஸ் செட்டிங்கை அங்கிருந்தே எல்லாம் மாற்ற முடியாது. பக்கத்தில் ஓர் ஆள் உட்கார வேண்டும்.

"மாடிக்கு வேற யாராவது வந்தாங்களா?"

"சாவி என்கிட்டதானே சார் இருக்கு."

"ம்" என்றார் ஜெபராஜ். பாய் இறந்ததை அவர் சொல்லவில்லை. சொல்லவேண்டும் என்றும் தோன்றவில்லை. யமுனா காபி போடக் கீழே போனார்.

கேபினெட்டைத் திருப்பினார். நீல ஸ்க்ரூ மூன்றுதான் இருந்தது. நாலாவது ஓட்டை காலி.

நாலையும் முடுக்கியது அவர் கைதான். பார்த்தார். ஒன்றும் தோன்றவில்லை. எங்கேயாவது விழுந்திருக்கும் என்று வேலையைத் தொடங்கினார்.

2:25. 3600 வைத்தார். சேவ் செய்தார். திரை இருண்டது. ஃபேன் சுற்றியது, நின்றது, மறுபடி சுற்றியது. மூன்று தடவை. பிறகு திரை வந்தது.

2933.

தாங்கவில்லை என்றால் போர்டு பயந்துகொண்டு தன் பழைய 2133-க்குப் போகும். 2933-க்குப் போகாது. அந்த எண்ணை ஒரு மனுஷக் கைதான் வைக்க முடியும்.

2:40. மறுபடி வைத்தார். மறுபடி 2933.

2:52. பவர் ஒயரைப் பிடுங்கினார். போர்டில் இருக்கும் காசு சைஸ் பேட்டரியைக் கழற்றி டேபிளில் வைத்தார். அதைக் கழற்றினால் எல்லா செட்டிங்கும் அழிந்துவிடும். கடிகாரம்கூட மறந்துபோகும். பதினைந்து நிமிஷம் காத்திருந்தார். ஃபேன் இல்லை. அறையில் புழுக்கம். கீழே யமுனா பாத்திரம் உருட்டும் சத்தம்.

3:07. பேட்டரியைப் போட்டார். ஒயரைச் செருகினார். ஆன் செய்தார்.

டக்... டக்... டக்.

கேபினெட் மேலிருந்து.

அவர் இரண்டு கையும் மடியில்தான் இருந்தது. ஸ்க்ரூ டிரைவர் பைக்குள் இருந்தது.

திரை வந்தது. எல்லாம் அழிந்த மெஷின் கடிகாரத்தில் ஏதோ பழைய வருஷம் காட்ட வேண்டும். காட்டவில்லை. செப்டம்பர் பதினாலு, 3:07 என்று காட்டியது.

அதற்குக் கீழே... 2933.

ஆனாலும் ஜெபராஜின் கை நிற்கவில்லை. 3600 வைத்தார். சேவ் பட்டனைத் தட்டினார். மாற்றம் சரிதானா என்று கேட்டு ஒரு பெட்டி வரும். பழைய எண், ஒரு அம்புக்குறி, புது எண். வந்தது.

3600-லிருந்து 2933-க்கு.

திருப்பிப் போட்டிருந்தது.

கீபோர்டிலிருந்து கையை எடுத்தார். நாற்காலியைப் பின்னால் தள்ளினார். பார்த்துக்கொண்டே இருந்தார்.

கீபோர்டில் என்டர் பட்டன் கீழே போனது.

மெதுவாக. ஒருவர் விரல் வைத்து அழுத்தும் அளவுக்கு மெதுவாக.

மேலே வந்தது.

திரை இருண்டது...

டக்...

டக்...

"பாய்" என்றார் ஜெபராஜ்.

மூன்றாவது தட்டு விழவில்லை.

"காபி சார்." யமுனா வாசலில் நின்றார். மணி 3:16. மெஷின் விண்டோஸுக்குள் போய்ச் சாதுவாக நின்றுகொண்டிருந்தது.

கிளம்புவதற்கு முன் ஜெபராஜ் ஒன்றே ஒன்று பார்த்தார். ஒரு மெஷின் எப்போதெல்லாம் ஆன் ஆனது என்பது அதற்குள்ளேயே பதிவாகி இருக்கும். ஆகஸ்ட் ஆறுக்குப் போனார். காலை 10:44-க்குக் கடைசியாகச் செத்திருக்கிறது. பிறகு ஒரு மணி நேரம் எதுவும் இல்லை. அப்புறம் 11:46. 11:49. 11:53. 11:58. ஒருவர் பொறுமையாக உட்கார்ந்து செட்டிங் மாற்றி மாற்றிப் பார்த்த கணக்கில் நாலு தடவை.

11:46-க்கு சர்ஃபராஸ் ஆஸ்பத்திரியில் வெள்ளைத் துணிக்குக் கீழே இருந்தார். பக்கத்தில் நின்றது ஜெபராஜ்தான்.

காபியைக் குடித்தார். சூடு தெரியவில்லை.

கடைக்குப் போய் டிராயரைத் திறந்து கவரை எடுத்துக்கொண்டார். அடித்திருந்த ஸ்டேப்ளர் பின் அப்படியே இருந்தது. ஒட்டிய இடம் பிரியவில்லை. மஃரிப் தொழுகை முடிந்து தென்னூர் வீட்டுக்குப் போனபோது ஓதி முடித்துவிட்டு ஆட்கள் கலைந்துகொண்டிருந்தார்கள். சபீனா உள் அறையில் கோரைப்பாய் விரித்து உட்கார்ந்திருந்தார். கவரை வாங்கினார். கொஞ்ச நேரம் மடியிலேயே வைத்திருந்தார். பிறகு கிழித்துக் கவிழ்த்தார்.

கண்ணாடி நொறுங்கிய போன். வீட்டுச் சாவி. ஒரு சீப்பு. கடைசியாக ஒன்று உருண்டு வந்து ஜெபராஜின் கால் விரலில் முட்டி நின்றது.

நீல நிற ஸ்க்ரூ.

"இதுவும் இருக்கா" என்றார் சபீனா. அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. "சட்டை துவைக்கிறப்ப எத்தனை எடுத்து வச்சிருக்கேன் தெரியுமாண்ணே. பாக்கெட்ல ஸ்க்ரூ இருந்தா வேலை பாக்கிம்பாரு." பிறகு சிரிப்பு நின்றுபோனது. "என்ன வேலைண்ணே பாக்கி?"

ஜெபராஜ் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். சபீனாவைப் பார்க்க முடியாததால் அதைப் பார்த்தார். 7:10.

"நான்தாம்மா வச்சேன்" என்றார். "ஸ்பீடு ஏத்துனது நான். பாய் கேட்டாரு. கை வைக்கலன்னு பொய் சொன்னேன். உண்மையச் சொல்லியிருந்தா கடையிலேர்ந்தே அந்தப் பொண்ணுக்குப் போன்ல சொல்லி எறக்க வச்சிருப்பாரு. போயிருக்கவே மாட்டாரு."

திட்டுவார் என்று ஜெபராஜ் காத்திருந்தார். திட்டினால் நன்றாக இருக்கும் என்றுகூட நினைத்தார். சபீனா குனிந்து அந்த ஸ்க்ரூவை எடுத்து ஜெபராஜின் கையில் வைத்தார்.

"போயி முடுக்கிட்டு வந்துருங்க."

மறுநாள் காலை ஒன்பது மணிக்கு ஸ்ரீரங்கம். இந்தத் தடவை பைக்கிலேயே பாலத்தைக் கடந்தார். நாலாவது ஓட்டையில் ஸ்க்ரூ கச்சிதமாக உட்கார்ந்தது.

"நேத்து நீங்க போனப்புறம் நல்லாத்தான் சார் ஓடிச்சு" என்றார் யமுனா. "சாயங்காலம் வேலை பார்த்துக்கிட்டிருக்கும்போது ஒரே ஒரு தடவை தானா ஆஃப் ஆகி ஆன் ஆச்சு. இப்ப ஸ்பீடு வேற என்னமோ காட்டுது."

"எத்தனை மணிக்கு?"

"ஏழு பத்து இருக்கும்."

ஜெபராஜ் செட்டிங்கைத் திறந்தார். 2133. போர்டு தானாகப் பிடிக்கும் எண். நாற்பது நாளாக அதில் இருந்த கை எடுபட்டிருந்தது.

அவரே 2933 வைத்தார். டெஸ்ட்டை ஓடவிட்டார். நாலு மணி நேரம் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. ஒரு தப்புகூட வரவில்லை. முடிந்ததும் மெஷினை ஒருமுறை அணைத்து ஆன் செய்தார். ஃபேன் சுற்ற ஆரம்பித்தது. திரை வரும்வரை கேபினெட் மேலேயே காதை வைத்துக்கொண்டு காத்திருந்தார்.

திரை வந்துவிட்டது. யாரும் தட்டவில்லை.